வழியில் அரை செண்ட்: நாகர்கோவிலுக்கு வந்த ஒரு பேட்டன்ட் கடிதம்

2015 ஜூன். நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நாலு மேஜை, ஒரு யுபிஎஸ், ஐந்து பேர், அவ்வளவுதான். கடைகளுக்கான பில்லிங் ஆப் ஒன்று செய்திருந்தோம். கடைக்காரர் பில் போட்டதும் வாங்கியவரின் போனுக்கு ஒரு மெசேஜ் போகும், அதில் இருக்கும் லிங்கைத் தொட்டால் பில் திறக்கும். உள்ளூரில் வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் சில கடைகள் எடுத்திருந்தன. என் கூட்டாளியின் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள், அவள் சொல்லிச் சொல்லி அங்கே 43 மளிகைக் கடைகளில் எங்கள் ஆப் ஓடிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒன்பதாயிரம் டாலர் சொச்சம் வரும், வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் அதில்தான்.

அந்த மாதம் ஒரு ஈமெயில் வந்தது, கூடவே 14 பக்க பிடிஎஃப். அனுப்பியது அமெரிக்காவில் பதிவான ஒரு கம்பெனி. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் உங்களுக்கு ஒன்றும் புரியாது, ஏனென்றால் அந்தப் பெயரில் ஒரு பொருளும் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. அவர்களிடம் இருந்தது ஒரு காப்புரிமை, அதாவது பேட்டன்ட், மட்டும். விற்பனை முடிந்ததும் அதன் விவரத்துக்கு இட்டுச்செல்லும் செய்தியை மின்னணு முறையில் அனுப்புவது தங்களுடைய கண்டுபிடிப்பு என்றும், நாங்கள் அதை மீறுகிறோம் என்றும், 30,000 டாலர் கொடுத்து லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றும், 21 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் 18,000 போதும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆடித் தள்ளுபடி மாதிரி.

அன்றைய மதிப்பில் அந்த 18,000 டாலர் பதினொன்றரை லட்ச ரூபாய். இரண்டு வருஷம் அமெரிக்காவில் இருந்து வரும் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் கணக்கு சரியாகப் போகும், எங்களுக்கு டீக்காசுகூட மிஞ்சாது.

இதை முழுதாக எழுதி வைக்கக் காரணம், இந்த மாவட்டத்தில் இப்போது வீட்டில் உட்கார்ந்தே ஆப் செய்து வெளிநாட்டுக்கு விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரிக் கடிதம் வந்தால் முதல் மூன்று நாள் என்ன செய்வீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நாங்கள் அந்த மூன்று நாளும் ஒன்றும் செய்யாமல் பயந்துகொண்டு இருந்தோம்.

கூட்டாளியின் அப்பாவுக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர். மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும், அப்போதெல்லாம் மாமா பஸ் ஏறி வந்து எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கடிதத்தை விளக்கிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மக்களே, இது நம்ம ஈத்தாமொழி தேங்காய்க்கு வாங்கினாவளே, அதுவா?" இல்லை மாமா, அது புவிசார் குறியீடு. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கே சொந்தம், தனி ஆளுக்கு இல்லை. பேட்டன்ட் என்றால் ஒரு கண்டுபிடிப்பை 20 வருஷத்துக்கு இன்னொருவர் செய்யக்கூடாது என்று தடுக்கிற உரிமை. செய்கிற உரிமைகூட அல்ல, தடுக்கிற உரிமை. இரண்டாவது கேள்விதான் கேள்வி. "அவனுக்கு இதுல தோட்டம் உண்டா? அவன் எதாவது விக்கானா?" இல்லை. "பின்ன அவனுக்கு என்ன நஷ்டம்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மாமாதான் அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். நாகர்கோவில் கோர்ட்டில் முப்பது வருஷமாக வழித்தகராறு, அதிர்த்தித் தகராறு நடத்துகிற சிவில் வக்கீல். பேட்டன்ட் கேஸ் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பிடிஎஃப்பைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது: "உள்ள பத்து வீடு இருக்கும். வழி முடியுத இடத்துல ஒருத்தன் அரை செண்ட் வாங்கிப் போடுவான். வீடு கெட்டவா? இல்ல. அவன் கேக்கது நிலத்துக்க விலை இல்லடே, உனக்க கோர்ட் செலவுக்க விலை."

காப்புரிமையைக் காட்டி மிரட்டிப் பணம் பிடுங்குகிற இந்தப் பேட்டன்ட் ட்ரோல் விவகாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் ஊரில் ட்ரோல் என்றால் மீம் போட்டு ஓட்டுவது, இது அந்த ட்ரோல் இல்லை. பாலத்துக்கு அடியில் பதுங்கியிருந்து போகிறவர்களை மறிக்கும் பூதம், மேல்நாட்டுக் கதைகளில் வருவது. அந்தப் பெயரை வழக்குலகில் பிரபலமாக்கியவர் இன்டெல் கம்பெனியின் வக்கீலாக இருந்த பீட்டர் டெட்கின். அதற்கு முன்னால் வழக்குப் போட்ட ஒருவரை 'பேட்டன்ட் மிரட்டிப் பணம் பறிப்பவர்' என்று இன்டெல் தரப்பில் சொல்லப்போக, அதற்கே ஒரு அவதூறு வழக்கு வந்தது, அதனால் வேறு சொல் தேவைப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் அதே டெட்கின் பிற்பாடு இன்டலெக்சுவல் வென்ச்சர்ஸ் என்ற கம்பெனிக்குப் போனார். ஆயிரக்கணக்கில் காப்புரிமைகளை விலைக்கு வாங்கிக் குவித்த கம்பெனி அது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நான்காம் நாள்தான் புத்தி வந்து தேட ஆரம்பித்தோம். தேடியதும் முதலில் கிடைத்தது லோட்சிஸ் விவகாரம். 2011 மே மாதம் லோட்சிஸ் என்ற கம்பெனி ஐபோன் ஆப் செய்கிற சின்னச் சின்ன ஆட்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஆப்புக்கு உள்ளேயே 'மேம்படுத்து', 'வாங்கு' என்று ஒரு பட்டன் வைப்பது எங்கள் காப்புரிமை, அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவீதம் கொடு என்று. அந்தப் பட்டனை ஆப் செய்தவர்கள் சொந்தமாக வைக்கவே இல்லை, ஆப்பிள் கொடுத்த வசதியை எடுத்துப் போட்டிருந்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஆப்பிள் ஏற்கெனவே அந்தக் காப்புரிமைகளுக்கு லைசென்ஸ் வைத்திருந்தது, அது எங்கள் டெவலப்பர்களுக்கும் சேர்த்துத்தான் என்று ஆப்பிள் பதில் எழுதியது. லோட்சிஸ் அசரவில்லை, அதே மாதக் கடைசியில் டெக்சஸில் ஏழு பேர் மேல் வழக்குப் போட்டது. அந்த ஏழில் ஒன்று வியட்நாமில் இருந்த ஒரு விளையாட்டு ஆப் கம்பெனி. அதைப் படித்தபோதுதான் எனக்கு வேர்த்தது. ஹனோய்க்குப் போகிற கடிதம் நாகர்கோவிலுக்கு வராதா என்ன. அப்புறம் ஜூலையில் ஆங்ரி பேர்ட்ஸ் செய்த பின்லாந்து கம்பெனியையும் வழக்கில் சேர்த்தார்கள்.

அந்தக் காப்புரிமைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், எழுதியவர் டான் அபெலோ என்பவர், 2004இல் விற்றுவிட்டார், வாங்கியது சற்று முன் சொன்ன இன்டலெக்சுவல் வென்ச்சர்ஸ், அங்கிருந்து கைமாறி லோட்சிஸுக்கு. வழியோர அரை செண்ட் பத்திரம் மாறி மாறி வந்த கதை.

முடிவு என்ன ஆனது என்பதுதான் இதில் பார்க்கவேண்டியது. ஆப்பிள் வழக்கில் தலையிட அனுமதி வாங்கி, தன் லைசென்ஸ் டெவலப்பர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு கேட்டது. 2013 செப்டம்பருக்குள் லோட்சிஸ் எல்லா டெவலப்பர்களிடமும் சமரசம் செய்து முடித்துவிட்டது. இனி முடிவு செய்ய ஒன்றும் இல்லை என்று நீதிபதி ஆப்பிளின் மனுவைத் தள்ளிவிட்டார். ஆக, லைசென்ஸ் பொருந்துமா பொருந்தாதா, யாருக்கும் தெரியாமலே போனது. அதே சமயத்தில், விசாரணை வரை போய் நிற்கத் தயாராக இருந்த காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி மீதான வழக்கை, விசாரணைக்குச் சில நாள் முன்னால் லோட்சிஸே வாபஸ் வாங்கியது. காசு கேட்கிற வரைக்கும் சத்தம், கோர்ட் படி ஏறச் சொன்னால் ஆளைக் காணோம்.

டெக்சஸ் என்று சொன்னேனே, அதுவும் டெக்சஸின் கிழக்கு மாவட்ட நீதிமன்றம், அதில் மார்ஷல் என்ற ஊர். நம் தக்கலை, குளச்சல் அளவுக்கு ஒரு ஊர், 24 ஆயிரம் பேர் இருக்கலாம். 2015இல், அதாவது எங்களுக்குக் கடிதம் வந்த அதே வருஷம், அமெரிக்கா முழுக்கத் தொடுக்கப்பட்ட காப்புரிமை வழக்குகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு மாவட்டத்தில். வழக்கு வேகமாக நகரும், ஜூரிகள் காப்புரிமை வைத்திருப்பவர் பக்கம் சாய்வார்கள் என்று ஒரு பெயர். சாம்சங் அந்தக் கோர்ட்டுக்கு எதிரே ஊர் மக்களுக்கு பனிச்சறுக்குத் தளம் போட்டுக் கொடுத்தது, எதற்கென்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 2017 மே மாதம் டிசி ஹார்ட்லாண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு அமெரிக்கக் கம்பெனியை அது பதிவான இடத்திலோ, அதற்கு நிலையான அலுவலகம் இருந்து மீறலும் நடந்த இடத்திலோதான் வழக்குக்கு இழுக்கலாம் என்று சொன்ன பிறகு மார்ஷலில் கூட்டம் குறைந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, நம்மை எங்கேயும் இழுக்கலாம்.

சரி, எங்கள் கேஸுக்கு வருகிறேன். வக்கீல் சாருக்குப் பேட்டன்ட் தெரியாது, ஆனால் டிக்ரியை, அதாவது கோர்ட் தீர்ப்பாணையை, எப்படி நிறைவேற்றுவது என்பது அத்துப்படி. அமெரிக்காவில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கினாலும் அதை நேரே கொண்டுவந்து நாகர்கோவில் கோர்ட்டில் நிறைவேற்ற முடியாது, ஏனென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவில் பரஸ்பரம் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளும் நாடு என்று அறிவித்த பட்டியலில் அமெரிக்கா கிடையாது. இங்கே புதிதாக வழக்குப் போடவேண்டும், அப்போதும் வழக்கின் நியாய அநியாயத்தைப் பார்த்துக் கொடுத்த தீர்ப்பா என்று 13ஆம் பிரிவில் கேள்வி வரும். இதைக் கேட்டு நாங்கள் குதிக்க, அவர் உட்கார வைத்தார். "பணம் அங்கதானே இருக்கு. ஆப் ஸ்டோருக்கு ஒரு பேப்பர் அனுப்பினா உனக்க கடையத் தூக்கிருவான்லா?" உண்மை. எங்கள் வீடு பாதுகாப்பு, கடை இல்லை.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970இல் 106ஆம் பிரிவு என்று ஒரு அருமையான ஆயுதம் இருக்கிறது. ஆதாரமில்லாமல் மீறல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போய், அந்த மிரட்டல் நியாயமற்றது என்று அறிவிப்பும், மிரட்டலுக்குத் தடையும், நஷ்ட ஈடும் கேட்கலாம். காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. ஆனால் எங்களுக்கு வந்தது அமெரிக்கக் காப்புரிமை, அது இந்தியாவில் செல்லாது, அதனால் அந்த ஆயுதமும் பயன்படாது. மேலும் இங்கே 3(கே) பிரிவு இருக்கிறது, கம்ப்யூட்டர் நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் எதற்கும் காப்புரிமை கிடையாது. காப்புரிமை வைத்திருப்பவர் அதை இந்தியாவில் உபயோகத்தில் வைத்திருக்கிறாரா என்று படிவம் 27இல் கணக்குக் காட்டவும் வேண்டும். இங்கே இந்தத் தொழில் செழிக்காததற்கு இவையெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன், நஷ்ட ஈட்டுத் தொகை அமெரிக்கா அளவுக்குப் பெரிதாக இல்லாததும் ஒரு காரணம்.

அன்று ராத்திரி நானும் கூட்டாளியும் உட்கார்ந்து கிளெய்ம் படித்தோம். இதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். காப்புரிமை ஆவணத்தில் படம், விளக்கம், கதை என்று முப்பது நாற்பது பக்கம் இருக்கும், அதெல்லாம் அலங்காரம். கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம்கள்தான் பத்திரத்தில் இருக்கும் அளவும் அதிர்த்தியும் மாதிரி. கிளெய்ம் 1 ஒரே வாக்கியம், ஒன்றரைப் பக்கம் நீளம், அதை வெட்டி வெட்டிப் பார்த்தால் ஒன்பது கூறு. ஒன்பதும் நம் பொருளில் இருந்தால்தான் மீறல். ஒன்பதில் எட்டு இருந்தால் முக்கால் மீறல் என்றெல்லாம் இல்லை. (விடுபட்டதற்குச் சமமான ஒன்று இருக்கிறது என்று வாதாட ஒரு சின்ன வாசல் உண்டு, அது வேறு.) ரப்பர் வியாபாரி கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் அவர்கள் கூறு, வலப்பக்கம் எங்கள் ஆப் செய்வது என்று எழுதிக்கொண்டே வந்தோம். ஐந்து வரைக்கும் மனசு கனத்துக்கொண்டே போனது, எல்லாம் பொருந்துகிறது. ஆறாவது கூறு: வாங்குபவர் தாமே, விற்பவர் இடத்தில் வைத்திருக்கும் கருவியில் தம் முகவரியை உள்ளிடவேண்டும். எங்கள் ஆப்பில் வாங்குபவர் எதையும் தொடுவதே இல்லை! கடைக்காரர்தான் நம்பரைக் கேட்டு அடிக்கிறார். உடனே அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் ஆறாவது கூறுக்கு என்ன ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால், ஐந்தாவதுக்குப் போட்ட அதே ஸ்கிரீன்ஷாட், சிவப்புக் கட்டத்தை மட்டும் இரண்டு விரக்கடை கீழே நகர்த்தியிருந்தார்கள்.

அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.

அக்கா மூலம் அங்கே ஒரு காப்புரிமை வக்கீலைப் பிடித்தோம். 1,800 டாலர் வாங்கிக்கொண்டு ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினார். முதல் பத்தியில் ஆறாவது கூறு. இரண்டாவதில் ஆலிஸ் தீர்ப்பு: 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழைய யோசனை ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் செய்தால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று சொல்லியிருந்தது, ரசீது கொடுப்பது எவ்வளவு பழைய யோசனை என்று கேட்டிருந்தார். மூன்றாவதில் ஆக்டேன் ஃபிட்னஸ் தீர்ப்பு, அதுவும் 2014. அமெரிக்காவில் ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வக்கீல் செலவு அவரவர் தலையில், மிரட்டல் தொழில் ஓடுவதே அந்த ஏற்பாட்டில்தான். விசாரணை வரை போனால் லட்சக்கணக்கான டாலர் ஆகும் என்னும்போது 18,000 மலிவாகத் தெரியும் இல்லையா. விபரீதமான வழக்கு என்றால் தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுக்கவேண்டும் என்று ஒரு சட்டப்பிரிவு முன்பே இருந்தது, ஆக்டேன் தீர்ப்பு அதைச் சுலபமாக்கியது. பின்னாளில் இது பலித்ததும் உண்டு. வண்டி எப்போது வரும் என்று தகவல் அனுப்புவதற்கே காப்புரிமை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வழக்குப் போட்ட ஷிப்பிங் அண்ட் டிரான்சிட் என்ற கம்பெனிக்கு 2017இல் எதிர்தரப்பின் வக்கீல் செலவைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. 2018இல் திவால் மனு போட்டபோது தன் அமெரிக்கக் காப்புரிமைகளின் மதிப்பு என்று அது எழுதிக் கொடுத்த தொகை ஒரு டாலர்.

எங்கள் பதிலுக்கு மறுபதில் வரவில்லை. ஜெயித்தோம் என்று சொல்ல முடியாது. அதே கடிதம் எங்கள் ஆப்பை வைத்திருந்த கடைகள் சிலவற்றுக்கும் போயிருக்கிறது, அதில் பதினொரு பேர் 'எதுக்கு வம்பு' என்று ஆப்பை நீக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வாங்கிப் பயன்படுத்துகிறவனையும் மீறுபவன் என்று சட்டம் சொல்கிறது. 2013 வாக்கில் எம்பிஹெச்ஜே என்ற கம்பெனி, ஸ்கேன் செய்து ஈமெயிலில் அனுப்பும் மிஷின் வைத்திருந்த சாதாரண ஆபீஸ்களுக்கே தலைக்கு ஆயிரம் டாலர் கணக்கில் கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பியது, கடைசியில் வெர்மான்ட் மாநில அரசு அதன் மேல் வழக்குப் போட்டது.

இவ்வளவும் சொன்னபிறகு, நம்ம பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. மதுரைக்காரர் ஒருவர் 2002இல் விண்ணப்பம் போட்டு, ஒன்றுக்கு மேல் சிம் போடும் செல்போனுக்கு இந்தியக் காப்புரிமை வாங்கினார், எண் 214388. 2009இல் சாம்சங் உட்படப் பெரிய கம்பெனிகள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சுங்கத்துறையிலும் பதிவு செய்தார், இரட்டை சிம் போன் சரக்குகள் இறக்குமதியில் மாட்டிக்கொண்டன. அன்றைக்கு எங்கள் காலேஜ் பையன்கள் எல்லாம் அவர் கட்சி. மதுரைக்காரன் சாம்சங்கையே நிறுத்திட்டான்லே என்று கொண்டாட்டம். எனக்குத் தெரிந்தவரை அவரும் போன் தயாரித்து விற்கவில்லை. 2012 ஜூனில் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. சுங்கத்துறை விதிகளில் இருந்தும் 2018இல் காப்புரிமையையே எடுத்துவிட்டார்கள், சுங்க அதிகாரியால் கிளெய்ம் படித்து முடிவுசெய்ய முடியாது என்ற விமர்சனம் ரொம்ப நாளாக இருந்தது.

அவரை ட்ரோல் என்று சொல்வேனா? மாட்டேன். தானே எழுதியதை, தானே விண்ணப்பித்து, மூட்டை மூட்டையாக வக்கீல் வைத்திருக்கும் ஆட்களோடு நேருக்கு நேர் மோதினார், தோற்றார். பொருள் விற்கவில்லை என்பது மட்டும் குற்றமென்றால் பல்கலைக்கழகம் ஒன்றும் மிஞ்சாது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ ஒரு ரூட்டர்கூட விற்றதில்லை, ஆனால் வைஃபைக்குப் பயன்பட்ட அதன் காப்புரிமைக்காக மார்ஷல் இருக்கும் அதே டெக்சஸ் கிழக்கு மாவட்டத்துக்குப் போய் வழக்காடி 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கியது. அதையும் ட்ரோல் என்று திட்டியவர்கள் உண்டு. அதே சமயம் பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சொல் ரொம்ப வசதி, யார் வந்து நியாயம் கேட்டாலும் ட்ரோல் என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். நான் பார்ப்பது மாமா கேட்ட கேள்வியை அல்ல, வக்கீல் சார் சொன்ன கணக்கை: கேட்கும் தொகை என் பொருளின் மதிப்பைப் பார்த்துப் போட்டதா, என் வழக்குச் செலவைப் பார்த்துப் போட்டதா. லோட்சிஸின் 0.575 சதவீதம்கூட இதில் கொஞ்சம் தேவலை. எங்களுக்கு வந்த கடிதத்தில் எங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்கக்கூட இல்லை.

வக்கீல் சார் ஃபீஸ் வாங்க மறுத்தார். மாமா ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

போன மாதம் பழைய ஃபைலைக் குடைந்தபோது அந்தக் காலண்டர் தாள் கையில் வந்தது. சும்மா அந்தக் காப்புரிமை எண்ணைப் போட்டுத் தேடினேன். 2004 அக்டோபரில் கொடுத்தது, முழுக் காலமும் ஓடவில்லை, 2016 அக்டோபரிலேயே காலாவதி. அமெரிக்காவில் பதினொன்றரை வருஷம் ஆகும்போது மூன்றாவது பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும், சின்ன நிறுவனம் என்றால் அப்போது 3,700 டாலர். கட்டாமல் விட்டிருக்கிறார்கள்.